கொட்டின சூப்பு

இதெல்லாம் ஒரு புத்தகமா. ரெண்டு கையாலயும் தூக்க வேண்டியிருக்கு. அட்டையில ஒருத்தன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான், முழங்கை வரைக்கும் பச்சை குத்தியிருக்கான், ஒரு கையில மீன் படம், இன்னொரு கையில மொளகா படம். மூஞ்சியில சிரிப்பு கிடையாது. சமையல்காரன் சிரிக்கக்கூடாதுன்னு இப்ப யாரோ சட்டம் போட்டிருக்காங்க போல. கீழே எழுதியிருக்கு, பிலிப்பைன்ஸ் வீட்டுச் சமையல், நாளைய வடிவில். நாளைக்கு யாருக்குடா வேணும், எனக்கு இன்னிக்கு வேணும், நாலு மணிக்குள்ள வேணும். வீட்டுச் சமையலாம். இவன் வீட்டுல இவனா உலை வைக்கிறான்? பிரிச்சுப் பாத்தா பெரிய வெள்ளைத் தட்டு, நடுவுல ரெண்டு துண்டு கறி, சுத்திவரப் பச்சையா நாலு சொட்டு, காக்கா எச்சம் போட்டாப்ல. இதைத் தின்னுட்டு ஒருத்தி பச்சைப் பிள்ளைக்குப் பால் குடுக்க முடியுமா? உறையூர் மங்கையர்க்கரசி, அறுபத்தோரு வயசு, சிங்கப்பூர்ல ஒரு மால்ல மூணாவது மாடிப் புத்தகக் கடையில நின்னுக்கிட்டு பச்சை குத்தினவன்கிட்ட சமையல் கத்துக்கப் பாக்கிறா. கேட்டா சிரிப்பாங்க. டயப்பர் வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். பிலிப்பைன்ஸ்காரி மருமக, தலையை மட்டும் ஆட்டினா. பிரசவம் ஆகிப் பன்னெண்டு நாளாச்சு, தலையை ஆட்டுறதைத் தவிர என்கிட்ட வேற ஒண்ணும் பண்றதில்ல. நாலு ஸ்பூன் சோறு, அப்புறம் தட்டைத் தள்ளி வெச்சுட்டு, வயிறு நெறஞ்சிருச்சு, தேங்க்யூம்மான்னு சொல்வா. பால் ஊறல. டப்பாப் பாலைக் குடுத்தா பிள்ளை துப்புது. நேத்து எடை பாத்த நர்ஸ், பொறந்தப்ப இருந்ததுக்கு இன்னும் இருநூறு கிராம் கொறைச்சல்னு சொல்லிட்டு, தாய் ஒழுங்கா சாப்பிடணும், நெறைய நீராகாரம் குடிக்கணும், வெள்ளிக்கிழமை திரும்பக் கொண்டுவாங்க, ஏறலேன்னா பிள்ளையை ஆஸ்பத்திரியில சேக்க வேண்டியிருக்கும்னு சொன்னா. இன்னிக்குப் புதன். அந்த நர்ஸ் என்னைத்தான் பாத்துச் சொன்னா. ஏன் என்னைப் பாக்கணும்?

அடுத்தது. இது கொஞ்சம் எடை கம்மி. சமையல் புத்தகத்தை நம்புறவளைப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கும், எரிச்சலாவும் இருக்கும். ஏன்னா நான் எழுதினவ. ஒண்ணு ரெண்டு இல்ல, இருபத்திரெண்டு வருஷம். பெண்கள் பத்திரிகையோட சேத்து இலவசமாக் குடுப்பாங்களே, உள்ளங்கை அகலத்துல, முப்பது வகைப் பொரியல், முப்பது வகைத் துவையல், முப்பது வகைக் கோடைக்காலக் குளிர்பானம், அதெல்லாம் என் கைங்கரியம். முப்பது வகைத் துவையல் எந்த வீட்டுலய்யா அரைக்கிறாங்க? பன்னெண்டு உண்மையா இருக்கும். பதிமூணாவதுலேர்ந்து கத்தரிக்காயை எடுத்துட்டு பீர்க்கங்காயைப் போடு, பீர்க்கங்காயை எடுத்துட்டுக் கேரட்டைப் போடு. இருபதைத் தாண்டினா வேர்க்கடலையைத் தூவு, பேரை மாத்து. இருபத்தஞ்சுக்கு மேல ராயல், மதுரா, நவரத்னான்னு ஏதாவது ஒரு பேரு முன்னால. அடுப்பே பத்த வைக்காம ஒரு மத்தியானத்துல பதினெட்டு அயிட்டம் எழுதியிருக்கேன், கட்டில்ல படுத்துக்கிட்டு. போட்டோ எடுக்க ஒரு ஆள் வருவான், அவன் கிண்ணத்துக்குள்ள ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவுத்து வெச்சு அதுமேல காயை அடுக்கி அப்புறம் குழம்பை ஊத்துவான், காயெல்லாம் மேலே மெதக்கும். கண்றாவி. புதுக்கோட்டையிலேர்ந்து ஒருத்தி கடுதாசி போட்டிருந்தா. பீட்ரூட் மோர்க்குழம்பு செஞ்சு சட்டியோட கீழே ஊத்தினாளாம், வீட்டுக்காரர் கத்தினாராம், அம்மா நீங்க இதைச் செஞ்சு பாத்தீங்களான்னு ஒரே ஒரு கேள்வி. நான் பதில் போடல. பீட்ரூட்டை மோர்ல போட்டா எப்படியிருக்கும்னு கூட யோசிக்கத் தெரியாதவ எதுக்குச் சமைக்கிறான்னு எடிட்டர்கிட்ட சொல்லிச் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு.

இந்த ரெண்டாவது புத்தகக்காரி அமெரிக்காவுல இருக்கா. ஒரு குழம்புக்கு அஞ்சு பக்கம் கதை. மழை பெய்யுமாம், ஓட்டுமேல சத்தம் கேக்குமாம், அடுப்படியிலேர்ந்து பூண்டு வாசம் வருமாம், இவளுக்கு அஞ்சு வயசாம், இன்னிக்கும் பூண்டை நசுக்கினா அழுகை வருமாம். வரட்டும், அழு, எத்தனை பல்லு பூண்டுன்னு சொல்லித் தொலை. பூண்டு நசுக்கினதுக்கெல்லாம் அழணும்னா நான் இந்தப் பன்னெண்டு நாள்ல செத்தே போயிருக்கணும். ஊர்லேர்ந்து மலைப்பூண்டு ரெண்டு கிலோ கொண்டுவந்தேன், பிரசவ லேகியம் சட்டியில கிண்டி டப்பாவுல அடைச்சுக் கொண்டுவந்தேன், பொட்டிக்குள்ள எண்ணெய் கசிஞ்சு ரெண்டு புடவை போச்சு. பூண்டுக் குழம்பு, மொளகுக் குழம்பு, சுக்கு தட்டிப்போட்ட ரசம். பால்சுறா வேணும்னு மகன் பரிதியை விரட்டி மூணு மார்க்கெட் அலையவிட்டு சுறாப்புட்டு பண்ணினேன், என் பிரசவத்துல எனக்கு ஒருத்தரும் பண்ணாத புட்டு. அவ ரெண்டு வாய் வெச்சா. முள்ளு இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு, வயிறு நெறஞ்சிருச்சுன்னா. எப்படி நெறையும்? காத்தால அரை ரொட்டி. மூணாம் நாள் கேட்டா, தண்ணியா ஏதாவது கிடைக்குமா, சூடா, சூப்பு மாதிரி. நான் சொன்னேன், பிரசவிச்ச ஒடம்புக்குத் தண்ணி ஆகாது, வயித்துல நீர் கோத்துக்கும். எங்க அம்மா எனக்கு டம்ளர்ல அளந்து குடுத்த தண்ணியை நான் இவளுக்கு அளந்து குடுத்தேன். நேத்து நர்ஸ் சொல்றா, நெறையக் குடிக்கணும்னு. அவளுக்கு என்ன தெரியும், அவளுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்குமா? ஆனா பிள்ளையோட தொடை சுருங்கியிருக்கு. தூக்கும்போது என் கையில தெரியுது.

கொண்டுவந்த சூப்புக்கு ஒரு பேரு சொன்னாளே அந்த ரொவேனா, வாசல்ல நின்னு, நான் காதுல வாங்கினேனா? இல்ல. ரொவேனாங்கிறவ ஜெனலினோட வேலை பாக்கிறவ. ஜெனலின்தான் என் மருமக, பல் ஆஸ்பத்திரியில உதவிக்கு நிக்கிற வேலை, ரெண்டு பேருக்கும் ஊர் பிலிப்பைன்ஸ். ஆறாம் நாள் மத்தியானம், ஜெனலின் தூங்கறா, காலிங்பெல் அடிக்குது. தொறந்தா ரொவேனா, நெத்தியெல்லாம் வேர்வை, மார்போட ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவைத் துண்டுல சுத்திக் கட்டிப் பிடிச்சிருக்கா. இப்பத்தான் எறக்கினது ஆன்ட்டி, ரயில்ல வந்தேன், ட்யூட்டிக்கு நேரமாச்சு, அவ எழுந்ததும் குடுங்க. என்னமோ பேரும் சொன்னா. லிஃப்டுக்கு ஓடிட்டா. நான் அடுப்படியில கொண்டுவந்து வெச்சுத் தொறந்தேன். கோழித்துண்டு, கீரை, இஞ்சி வாசம், தண்ணியா ஓடுது. வெளிர்பச்சையா ஒரு காய். சௌசௌன்னு நெனச்சு ஒண்ணை எடுத்து வாயில வெச்சேன். சௌசௌ இல்ல. பப்பாளிக்காய். பிள்ளை பெத்தவ குடிக்கிறதுல பப்பாளிக்காய்! டப்பாவோட பாத்ரூமுக்குக் கொண்டுபோய் மொத்தத்தையும் கொட்டித் தண்ணியை இழுத்துவிட்டேன். கோழி எலும்பு அடைச்சுக்கிட்டுது, ரெண்டு தடவை இழுத்தேன். அவ எழுந்ததும் முதல்ல கேட்டது அதைத்தான், ரொவேனா வந்தாளாம்மா? வந்தா, சூப்பு கொண்டுவந்தா, ஊசிப்போயிருந்துது, கொட்டிட்டேன்னு சொன்னேன். டப்பாவைக் கழுவிக் கவுத்திருந்தேன். அவ எழுந்துபோய் அதைத் தொட்டுப் பாத்தா. வெந்நீர் விட்டுக் கழுவினதால சூடோ, சூப்போட சூடோ, டப்பா இன்னும் வெதவெதன்னு இருந்துது. அவ என்னைப் பாத்தா. சரிம்மான்னா. அன்னிலேர்ந்து நாலு ஸ்பூன்.

பரிதி கேட்டான், ஏம்மா அவ சாப்பிடவே மாட்டேங்குறா? நம்ம சாப்பாடு அவளுக்குப் பழகல போலடான்னேன். எவ்வளவு சுலபமா வருது எனக்கு. பப்பாளியைச் சொல்லியிருக்கலாமே, மகனே, அதுல பப்பாளி இருந்துதுடா, நான் பயந்துட்டேன்டான்னு. சொன்னா அவன் சிரிப்பான், எஞ்ஜினீயர். அவனுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துது, அது அவனுக்குத் தெரியாது. எனக்கு இருபத்துநாலு வயசு, கூட்டுறவு ஆபீஸ்ல டைப்பிஸ்ட், மூணாம் மாசம். பக்கத்து சீட்டு புவனா டிபன் டப்பா மூடியில நாலு துண்டு பப்பாளிப்பழம் வெச்சு உப்பும் மொளகுத்தூளும் தூவி நீட்டினா. தின்னேன். ருசியா இருந்துது, அதையும் சொல்லணும்ல. நாலாம் நாள் கலைஞ்சு போச்சு. லேடி டாக்டர் சொன்னாங்க, பழுத்த பழம் நாலு துண்டு அப்படியெல்லாம் பண்ணாதும்மா, இது நிக்கிற கரு இல்ல. நான் டாக்டரை நம்பல, மாமியாரை நம்பினேன். அந்தம்மா வந்தவ போனவகிட்டயெல்லாம் சொன்னா, நாக்கு ருசிக்கு வயித்துப் பிள்ளையைத் தின்னவன்னு. பரிதிக்குப் பேர் வெச்ச அன்னிக்கும் சொன்னா, பந்தியில, பாயசம் ஊத்திக்கிட்டே. நான் என்ன பண்ணினேன்? பதினஞ்சு வருஷம் கழிச்சு கர்ப்பிணிகளுக்கு முப்பது வகைன்னு ஒரு இணைப்பு எழுதினேன், அதுல கட்டம் கட்டிப் போட்டேன், பப்பாளி கண்டிப்பாகக் கூடாது. என்னை அடிச்ச கம்பை எடுத்து ஊரையே அடிச்சேன். சரி, அதெல்லாம் வயித்துல பிள்ளை இருக்கிறவளுக்கு. பெத்து ஆறு நாள் ஆனவளுக்குப் பப்பாளி என்ன பண்ணும்? ஒண்ணும் பண்ணாது. அது எனக்குத் தெரியாதா? கொட்டும்போதும் தெரியும். அப்ப ஏன் கொட்டினே? சொல்லு. இங்க உன்னை யாரும் பாக்கல, தைரியமாச் சொல்லு. அன்னிக்குக் காலையில ரொவேனா போன் பண்ணி சூப்பு கொண்டுவர்றேன்னு சொன்னப்ப ஜெனலின் மூஞ்சி மலர்ந்துதே, அதுக்குத்தான். என் சுறாப்புட்டுக்கு மலராத மூஞ்சி. மூணு மார்க்கெட் சுறா. பப்பாளி ஒரு சாக்கு, நல்ல சாக்கு, கையில ரெடியா இருந்துது. தூ. இதுக்குப் பேரு மாமியார். அந்தம்மா செத்து இருபது வருஷம் ஆச்சு, நான் புடவையைக் கட்டிக்கிட்டு அவங்களாவே வந்து நிக்கிறேன்.

மூணாவது புத்தகம், சைவம், முட்டை பால் கூட இல்லாத சுத்த சைவப் பிலிப்பைன்ஸ் சமையல், பலாக்காயைப் பன்னிக்கறின்னு நெனச்சுக்கணுமாம், நெனச்சுக்க வேண்டியவங்க நெனச்சுக்கட்டும். வை கீழே. நாலாவது வெறும் தித்திப்பு. அஞ்சாவது ஒல்லியா, மஞ்ச அட்டை, அரை மணியில பிலிப்பைன்ஸ் சமையல். இந்த மாதிரி ஆளை எனக்கு நல்லாத் தெரியும், இது என் சாதி. முப்பது வகைக்காரி. படம் சின்னது, எழுத்துப் பெருசு, கதை கிடையாது. அடோபோவாம், வினிகரும் சோயாவும் பூண்டும் போட்டுக் கோழியை வேக வைக்கணுமாம். சினிகாங்காம், புளித்தண்ணியில மீனு, நம்ம புளிதான், அதைக் கொதிக்கவிட்டுத் தாளிக்காம எறக்கிட்டா வேற பேரு. சிரிப்பு வருது. கடுகு வெடிக்காத சமையலைச் சமையல்னு எப்படி ஒத்துக்கிறது. நாப்பத்தோராம் பக்கம். டினோலா. இதான், இந்தப் பேருதான் சொன்னா அவ, வாசல்ல. கோழி, இஞ்சி, வெங்காயம், மீன் சாறு ரெண்டு ஸ்பூன், பப்பாளிக்காய், கடைசியில முருங்கைக்கீரை. முருங்கைக்கீரையா? மேல குட்டி எழுத்துல ஒரே ஒரு வரி, குழந்தை பெற்ற தாய்க்குப் பால் ஊற எங்கள் வீடுகளில் வைத்துக் கொடுப்போம். திரும்பப் படிச்சேன். பால் ஊற. அவ ரயில் ஏறிக் கொண்டுவந்தது பாலு. நான் ரெண்டு தடவை தண்ணி இழுத்துவிட்டது பாலு. நமக்கு முருங்கைக்கீரை தெரியாதா, பால் ஊற முருங்கைக்கீரை பொரியல்னு நானே எத்தனை தடவை எழுதியிருக்கேன். அந்த டப்பாவுல கீரை மெதந்துது, பாத்தேன், என்ன கீரைன்னு குனிஞ்சு பாக்கல. கண்ணுல பட்டது பப்பாளி மட்டும். எது பட்டா கொட்ட வசதியோ அது மட்டும் கண்ணுல படுது.

கீழே நட்சத்திரக்குறி போட்டு இன்னொரு வரி. பப்பாளிக்காய் கிடைக்காவிட்டால் சௌசௌ சேர்க்கலாம். அடேங்கப்பா. வாடி என் தங்கமே. இந்த ஒரு வரிக்காகவே உன்னை வாங்கலாம். சௌசௌ கீழ்மாடிக் கடையில இருக்கு, காலையில பாத்தேன். கோழி வீட்டுல இருக்கு. முருங்கைக்கீரை லிட்டில் இந்தியாவுலேர்ந்து பரிதி வரும்போது வாங்கிட்டு வருவான். நாலு மணிக்கு அடுப்புல ஏத்தினா அஞ்சுக்குக் கொண்டுபோய் வைக்கலாம், இந்தா, உங்க ஊர் சூப்பு, உனக்காகக் கத்துக்கிட்டேன். பப்பாளியைப் பத்திப் பேச்சே வராது. கொட்டினதைப் பத்தியும் வராது. ஊசிப்போச்சுங்கிறது ஊசிப்போச்சாவே இருக்கும். அவ குடிப்பா, அழுவா, என்னைக் கட்டிப்பா, பரிதி என்னைப் பெருமையாப் பாப்பான். இருபத்திரெண்டு வருஷம் ஒரு காயை எடுத்துட்டு இன்னொரு காயைப் போட்டுப் பொழைச்சவளுக்கு இது ஒரு வேலையா. ஆனா குடிப்பாளா? அவ தட்டைத் தள்ளுறது ருசிக்கா, ஆளுக்கா? அந்த டப்பாவைத் தொட்டுப் பாத்தவ. சௌசௌவைப் பாத்த அடுத்த நிமிஷமே அவளுக்குத் தெரியும், பப்பாளியை நான் ஏன் எடுத்தேன்னு, அன்னிக்கு ஏன் கொட்டினேன்னு. நாலு ஸ்பூன் குடிப்பா. வயிறு நெறஞ்சிருச்சு, தேங்க்யூம்மா. வெள்ளிக்கிழமை நர்ஸ் திரும்ப என்னைப் பாப்பா. அந்தப் பிஞ்சுக் கையில ஊசி குத்திக் குழாயை ஒட்டுவாங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பாத்திருக்கேன். ஐயோ, வேண்டாம். எக்ஸ்க்யூஸ் மீ மேடம், தேடுறதுக்கு உதவி வேணுமான்னு கடைக்காரம்மா கேக்கிறா, கண்ணாடி போட்டவ, கழுத்துல அட்டை. வேணும். உங்க கடையில, செஞ்ச தப்பை எப்படிச் சொல்றதுன்னு படம் போட்டு ஒரு புத்தகம் இருக்கா? நோ தேங்க்யூன்னேன். ரொவேனா நம்பர் போன்ல இருக்கு, வலி எடுத்தாக் கூப்பிடுங்கம்மான்னு பரிதி போட்டுக் குடுத்தது. அவளைக் கேட்டா ரெண்டு நிமிஷ வேலைன்னு ஒரு வாரமாத் தெரியும். அதுக்குத்தானே இந்தக் குப்பையெல்லாம் புரட்டிக்கிட்டு நிக்கிறேன், அவளைக் கேக்காம இருக்கறதுக்கு.

ஜெனலினைத்தான் முதல்ல கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன்னு தெரியல, விரலு அமுக்கிட்டுது. ரெண்டு ரிங்ல எடுத்தா, பிள்ளை தூங்குதும்மான்னு மெதுவாப் பேசினா. அவளும் நானும் பேசுறது இங்கிலீஷ், என்னோடது பி.ஏ. இங்கிலீஷ், அவளோடது ஆஸ்பத்திரி இங்கிலீஷ், சண்டை போடுற அளவுக்கு ரெண்டு பேருக்குமே வராது. ஜெனலின், அந்த சூப்பு ஊசிப்போகலம்மா. நல்லாத்தான் இருந்துது. நான் வேணும்னே கொட்டினேன். அலமாரியைப் பிடிச்சுக்கிட்டேன். அப்புறம் சொன்னா, தெரியும்மா. அவ்வளவுதான். திட்டக்கூடாதா, ரெண்டு வார்த்தை திட்டினா என்ன? நான் பேசிக்கிட்டே போறேன், வாய் நிக்கல, இங்க புத்தகம் இருக்கு, டினோலா, நாப்பத்தோராம் பக்கம், உங்கம்மா எப்படி வைப்பாங்கன்னு சொல்லு, அப்படியே வைக்கிறேன், பப்பாளி போட்டே வைக்கிறேன். எனக்குத் தெரியாதும்மான்னா. அம்மா வெச்சு நான் குடிச்சதில்ல. எனக்கு ஆறு வயசுல அம்மா ஹாங்காங் போயிட்டாங்க, வீட்டு வேலைக்கு, பதினாறு வருஷம். அங்க ஒரு வீட்டுல நாலு பேருக்குச் சமைச்சாங்க. எங்களுக்குச் சித்தி டின் மீனைத் தொறந்து சோத்துல கொட்டுவாங்க. அம்மா திரும்பி வந்தப்ப நான் இங்க வேலைக்கு வந்துட்டேன், அப்புறம் அவங்க இறந்துட்டாங்க. பிள்ளை பெத்தா எனக்கும் யாராவது டினோலா வெச்சுத் தருவாங்களான்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன், ரொவேனா நான் வைக்கிறேன்னு சொன்னா. இதை அவ அழாமச் சொன்னா. ஒரு வருஷமா என் மருமக, அவ அம்மா சமைச்ச கையைப் பத்தி நான் ஒரு வார்த்தை கேட்டதில்ல. எதைக் கேட்டேன்? பன்னி திம்பீங்களான்னு கேட்டேன்.

அந்தப் புத்தகத்தை வாங்கட்டுமான்னேன். வேண்டாம்மா, ரொவேனாவையே கேளுங்க, அவளுக்கு இன்னிக்கு லீவு. ஆனா, ஒண்ணு. அவ கிட்ட நான் சொல்லியிருக்கேன், முழுசையும் குடிச்சிட்டேன், ரொம்ப நல்லா இருந்துது, அம்மாவும் குடிச்சாங்க, அவங்களுக்கும் ரொம்பப் பிடிச்சுதுன்னு. அதனால நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், இன்னொரு தடவை வேணும்னு மட்டும் கேளுங்க, வருவா. பிள்ளை முனகுற சத்தம் கேட்டுது, வெச்சுட்டா. பட்டினியாப் படுத்துக்கிட்டு என் மானத்தைக் காப்பாத்தியிருக்கா, நேத்து வந்தவ. நான் அவளைப் பத்தி என் தங்கச்சிகிட்ட போன்ல என்னென்ன சொன்னேன், அமுக்கம், அழுத்தக்காரி, வாயைத் தொறக்க மாட்டான்னு. தொறந்திருந்தா நான் எங்க போய் நின்னிருப்பேன்? கண்ணாடிக்காரி தூரத்துலேர்ந்து பாக்கிறா, அழுற கெழவியை அலமாரிப் பக்கம் விடலாமான்னு யோசிக்கிறா போல. பாரு, நல்லாப் பாரு. அஞ்சு புத்தகத்தையும் எடுத்த எடத்துலயே அடுக்கினேன். பச்சை குத்தினவனை மட்டும் திருப்பி, மூஞ்சி செவுத்தைப் பாக்கிற மாதிரி வெச்சேன்.

ஹாய் ஆன்ட்டின்னு எடுத்தா ரொவேனா, குழந்தை எப்படியிருக்கு, ஜென் சொன்னா, சூப்பு உங்களுக்கும் ரொம்பப் பிடிச்சுதாமே, நானே மறுபடி கொண்டுவரணும்னு இருந்தேன். குரல்ல அப்படி ஒரு சந்தோஷம். எல்லாம் ரெடியா இருக்கு எனக்கு. ஆமாம்மா ரொம்பப் பிடிச்சுது, இன்னொரு தடவை கொண்டுவான்னு சொன்னாப் போதும், நாலு வார்த்தை. ஜெனலினும் அதையேதான் சொல்லச் சொன்னா. இல்ல ரொவேனான்னேன். நானும் குடிக்கல, அவளும் குடிக்கல. நீ குடுத்துட்டு லிஃப்டுல எறங்கறதுக்குள்ள நான் கொட்டிட்டேன். உன் கையில கெட்டது ஒண்ணுமில்ல, என் புத்தியிலதான். ஜெனலின் பொய் சொன்னது எனக்காக. அந்தப் பக்கம் டி.வி. ஓடுற சத்தம் நின்னுபோச்சு. கட் பண்ணிட்டாளோன்னு போனைக் காதுலேர்ந்து எடுத்துப் பாத்தேன், நிமிஷம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அவ இன்னும் சாப்பிட மாட்டேங்குறா ரொவேனா, பிள்ளைக்குப் பாலில்ல, வெள்ளிக்கிழமைக்குள்ள எடை ஏறணும், நீ எங்க வீட்டு அடுப்புல வந்து வெச்சுக் காட்டணும், நான் பக்கத்துல நிக்கிறேன், வாயைத் தொறக்க மாட்டேன். எத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஒருத்தர்கிட்ட இப்படிக் கெஞ்சறேன், உடம்பெல்லாம் கூசுது, கூசட்டும். அவ மூச்சு விடறது கேக்குது. திட்டப்போறா. திட்டுடி, வாங்கிக்கறேன்.

"இஞ்சி இருக்கா வீட்டுல?"ன்னு கேட்டா.

இருக்குன்னேன்.